முதலை வாயில் பறவை, செடியில் எறும்பு: யாருக்கு யார் உதவி?

ஜூன் 2, காலை (வாசகர் ஒருவர் கேட்டது)

"முதலை வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும். ஒரு சின்னப் பறவை உள்ளே போய்ப் பல்லிடுக்கில் இருக்கும் இறைச்சியைக் கொத்தித் தின்னும். முதலை வாயை மூடாது. அதற்குப் பல் சுத்தம், இதற்கு வயிறு நிறைவு. எல்லா உயிரும் இப்படித்தான் ஒன்றுக்கொன்று உதவி வாழ்கிறது, மனிதன் மட்டும்தான் கணக்குப் பார்க்கிறான் என்கிறேன். யாராவது மறுக்க முடியுமா?"

ஜூன் 2, இரவு

மறுக்கலாம். முதலில் அந்தப் பறவையையே மறுக்கிறேன்.

கதையைத் தொடங்கிவைத்தவர் ஹெரோடோட்டஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர். சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் எகிப்தைப் பற்றி எழுதும்போது, முதலை வாயில் அட்டை மொய்த்திருக்கும், 'ட்ரோகிலஸ்' என்ற பறவை உள்ளே போய் அதைத் தின்னும் என்று எழுதிவைத்தார். அவர் சொன்னது அட்டை. பல்லிடுக்கும் இறைச்சியும் பின்னால் வந்தவர்களின் கைச்சரக்கு. அப்புறம் நைல் கரையில் திரியும் ஒரு பறவையைப் பிடித்து 'முதலைப் பறவை' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். முதலை படுத்திருக்கும் மணலில் அதுவும் நடமாடும், அவ்வளவு உண்மை. வாய்க்குள் போய்ப் பல் துலக்கியதற்கு நம்பும்படியான ஒரு படம்கூட இல்லை. சுற்றிவரும் படங்கள் கணினியில் ஒட்டவைத்தவை. முதலைக்குப் பற்கள் இடைவெளி விட்டு நிற்கும், விழ விழ முளைக்கும். பல்குத்த ஆள் வைக்கவேண்டிய அவசியம் அதற்கு என்ன?

பள்ளியில் இந்தப் படத்தை வரைந்து மதிப்பெண் வாங்கியவன்தான் நானும். அந்தக் கடுப்பும் கொஞ்சம் இருக்கிறது.

ஜூன் 3

"பறவை போகட்டும். கூட்டுயிர் வாழ்வு என்றாலே உதவிதானே?" என்று கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார்.

இல்லை. ஆன்டன் டி பாரி என்ற ஜெர்மன் தாவரவியலாளர் 1879-ல் அந்தச் சொல்லை விளக்கியபோது சொன்னது இவ்வளவுதான்: வேறு வேறு இனத்து உயிர்கள் சேர்ந்து வாழ்வது. ஒட்டுண்ணியையும் அவர் அதற்குள்தான் வைத்தார். நல்லெண்ணத்தை ஏற்றியது நாம்.

பள்ளிப் புத்தகத்தில் மூன்று டப்பா இருக்கும். இரண்டுக்கும் லாபம் ஒன்று. ஒன்றுக்கு லாபம், மற்றதுக்கு நஷ்டம் என்பது இன்னொன்று. நடுவில், ஒன்றுக்கு லாபம், மற்றதுக்கு ஒன்றுமில்லை. இந்த நடு டப்பாவுக்குக் 'கமென்சலிசம்' என்று பெயர் வைத்தவர் வான் பெனடன் என்ற பெல்ஜிய விலங்கியலாளர், 1870-களில். லத்தீனில் அதற்குப் பொருள் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்கள். நாமென்றால் ஒரே பந்தி என்போம். 'பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்' என்பதை அந்த டப்பா மேல் ஒட்டிவிடலாம். நாருக்கு மணம், பூவுக்கு என்ன?

எந்த ஜோடியை எடுத்து உள்ளே வைத்தாலும் மூடி மூடமாட்டேன் என்கிறது. என் தகராறு அந்த டப்பாக்களோடுதான்.

ஜூன் 3, மாலை

மூடாத மூடிக்கு ஒன்று. உண்ணிக்கொக்கு. மாட்டின் மேல் உண்ணி பொறுக்கும் என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம். உண்ணியும் தின்னும்தான். ஆனால் அதன் வயிற்றை நிரப்புவது பெரும்பாலும் வெட்டுக்கிளியும் மற்ற பூச்சியும். மாடு நடக்க நடக்கப் புல்லிலிருந்து எழும்புவதைக் கால் பக்கத்தில் நின்று லபக்கென்று பிடிக்கிறது. மாட்டோடு போகும் கொக்கு, தனியாக மேயும் கொக்கைவிடக் குறைவாக அடி எடுத்துவைத்து அதிக இரை பிடிக்கிறது என்று எண்ணியே பார்த்திருக்கிறார்கள்.

ஆக, பெயரை நம்பினால் முதல் டப்பா, வயிற்றைப் பார்த்தால் நடு டப்பா.

ஜூன் 6

புத்தகத்தை விட்டுவிட்டு என் செடிக்கு வருகிறேன்.

தொட்டியில் ஒரு செம்பருத்தி வைத்திருக்கிறேன். நுனிக் கொழுந்திலும் மொட்டுக் காம்பிலும் மாவுப்பூச்சி. அடிமரத்தில் ஏறவும் இறங்கவுமாகப் பிள்ளையார் எறும்பு வரிசை. இதுவரை எறும்புதான் செடியைத் தின்கிறது என்று நினைத்துத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். நேற்று கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எறும்பு மாவுப்பூச்சியின் பின்புறத்தை இரண்டு உணர்கொம்பாலும் தட்டுகிறது, தபேலா வாசிப்பது போல, விட்டு விட்டு. கொஞ்ச நேரத்தில் கண்ணாடி மணி மாதிரி ஒரு சொட்டு வெளியே வருகிறது. எறும்பு உறிஞ்சிவிட்டு அடுத்ததிடம் போகிறது. பால் கறப்பது என்று எழுதுவார்களே, மிகை என்று நினைத்திருந்தேன். மிகையே இல்லை.

சங்கதி இதுதான். செடியின் சாற்றில் சர்க்கரை ஏராளம், அமினோ அமிலம் சொற்பம். அந்தச் சொற்பத்துக்காகப் பூச்சி லிட்டர் கணக்கில் (அதன் அளவுக்கு) குடிக்கவேண்டியிருக்கிறது. மிஞ்சும் சர்க்கரைத் தண்ணீரை வெளியே தள்ளித்தான் ஆகவேண்டும். தனக்கு வேண்டாத கழிவைக் கொடுத்துக் காவல் வாங்குகிறது. பொறிவண்டு வந்தால் எறும்பு கடித்து விரட்டும்.

இரண்டும் கொழிக்கின்றன. நடுவில் செத்துக்கொண்டிருப்பது என் செம்பருத்தி. இரண்டு பேர் நட்பாக இருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால், செலவு யார் தலையில் என்று கேட்கத் தோன்றுகிறது.

ஜூன் 7

தண்டில் காகித டேப் சுற்றி அதன் மேல் வாஸ்லின் தடவினேன். எறும்பு வரிசை அறுந்தது. மேலே மாட்டிக்கொண்டவை அரை நாள் குழம்பித் திரிந்துவிட்டு ஒவ்வொன்றாகக் கீழே குதித்துவிட்டன.

ஜூன் 9

ஆப்பிரிக்காவில் காண்டாமிருகத்தின் முதுகில் உட்கார்ந்து உண்ணி தின்னும் பறவையை ஏன் விட்டேன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். விடவில்லை. அதைப் பற்றி நான் சொல்லப்போவது யாருக்கும் பிடிக்காது என்று தள்ளிப்போட்டேன்.

உண்ணி தின்னும், மறுக்கவில்லை. புண்ணையும் கொத்தும். ரத்தம் குடிக்கும். காதழுக்கை நோண்டித் தின்னும். ஜிம்பாப்வேயில் பால் வீக்ஸ் என்ற ஆய்வாளர் சில எருதுகளிடம் இந்தப் பறவையை அண்டவிடாமல் தடுத்தார், மற்றவற்றை அப்படியே விட்டார். 2000-ல் வெளிவந்த அந்த முடிவின்படி, பறவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வளர்ந்த உண்ணிகளின் எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பறவை வந்த மாடுகளுக்குப் புண் ஆறத்தான் நாளானது. உண்ட வீட்டுக்கு இரண்டகம். இதை மூன்றாம் டப்பாவில் போட்டு மூடினேன்.

ஜூன் 9, இரவு

மூடியது தப்பு. தூங்கப் போனவன் எழுந்து வந்து எழுதுகிறேன்.

2020-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து இன்னோர் ஆய்வு. கறுப்புக் காண்டாமிருகத்துக்குக் கண் பார்வை மட்டம். ஒரு மனிதர் திறந்தவெளியில் அதை நோக்கி நடந்து போனார். முதுகில் பறவை இல்லாதபோது நூற்றுக்கு 23 தடவைதான் அது ஆளைக் கண்டுபிடித்தது, அதுவும் சராசரியாக 27 மீட்டர் நெருங்கிய பிறகு. பறவை இருந்தபோது ஒரு தடவைகூடத் தவறவில்லை. 61 மீட்டரிலேயே உஷாராகிவிட்டது. பறவை கத்தினால் போதும். சுவாஹிலியில் அந்தப் பறவையின் பெயரே 'காண்டாமிருகத்தின் காவலாள்'.

வேட்டைக்காரன் திரியும் காட்டில் இப்படி ஒரு காவலாளுக்குக் கொஞ்சம் ரத்தம் சம்பளமாகக் கொடுப்பது நல்ல பேரம்தான். தொழுவத்து எருதுக்குக் காவல் எதற்கு, அதற்கு வெறும் நஷ்டம். ஒரே வகைப் பறவை, ஒரே கொத்தல். இடம் மாறினதும் பெயர் மாறிவிட்டது.

ஜூன் 11

எறும்பில்லாத செம்பருத்தி பற்றிய நிலவரம். நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்திருக்கிறது. இலையெல்லாம் பிசுபிசுப்பு, அதன் மேல் கரி பூசியது போலக் கரும்பூசணம். தேன்சொட்டைக் குடித்துத் தீர்க்க ஆள் இல்லை, அது இலையில் விழுந்து பூசணம் பிடித்துவிட்டது. மாவுப்பூச்சியே தன் கழிவில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. காவல் மட்டுமில்லாமல் துப்புரவு வேலையையும் எறும்புதான் பார்த்திருக்கிறது. ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்தேன். அந்த உத்தியோகம் இப்போது எனக்கு.

ஜூன் 12

"அப்படியென்றால் ஏமாற்றே இல்லாத ஒரு ஜோடிகூடவா கிடையாது?" என்று ஒரு கேள்வி. அத்தியைச் சொல்லலாம். அதுவும் பாதி தூரம்தான்.

அத்தி பூத்தாற்போல என்கிறோம். அத்தி தவறாமல் பூக்கிறது. பூக்களை உள்ளே வைத்து வெளியே தோலை மூடிக்கொள்கிறது, அதனால் நம் கண்ணில் படுவதில்லை. காய் என்று நாம் சொல்வது உள்புறமாகத் திரும்பிய பூங்கொத்து. வெளியுலகத்துக்கு ஒரே வழி, நுனியில் செதிலடைத்த ஓர் ஊசித் துளை. சில மில்லிமீட்டர் நீளமே இருக்கும் ஒரு பெண் குளவி அதில் நெட்டித் தள்ளி நுழைகிறது. இடுக்கு அவ்வளவு இறுக்கம், சிறகும் கொம்பும் பிய்ந்து வெளியிலேயே நின்றுவிடும். அது திரும்பிப் போகப்போவதில்லை. கொண்டுவந்த மகரந்தத்தை உள்ளே இருக்கும் பூக்களில் சேர்க்கிறது, சில பூக்களில் முட்டையிடுகிறது, அங்கேயே சாகிறது. முட்டை விழுந்த பூ குளவிக்குஞ்சின் தொட்டில், மற்றது விதை.

முதலில் வெளிவருவது ஆண்கள். சிறகு கிடையாது, பார்வையும் அனேகமாக இல்லை. அடைபட்டிருக்கும் பெண்களோடு சேர்ந்துவிட்டு, சுவரைக் குடைந்து வழி செய்துகொடுத்துவிட்டுச் சாகும். பெண்கள் மகரந்தத்தோடு அந்த வழியே பறந்து, ஓரிரு நாள் ஆயுளுக்குள் அடுத்த மரத்தைப் பிடிக்கவேண்டும். அத்தி, ஆல், அரசு என்று அந்தப் பேரினத்தில் 750-க்கும் மேற்பட்ட இனங்கள். பெரும்பாலும் ஒவ்வொன்றுக்கும் தனிக் குளவி.

அத்திப்பழத்தைப் பிட்டுப்பார்த்தால் அத்தனையும் புழு என்று வசைபாட வைத்திருக்கிறோம். அந்தப் புழு இல்லாவிட்டால் மரமே இல்லை.

ஜூன் 13

பாதி தூரம் என்று ஏன் சொன்னேன் என்று கேட்கிறார்கள்.

சில அத்தி இனங்களில் குளவி மகரந்தத்தைத் தானாகப் பொறுக்கி, மார்பில் இருக்கும் பைக்குள் திணித்துக்கொண்டு போகும். மெனக்கெட்ட வேலை. அதைச் செய்யாமல் வெறுங்கையோடு போய் முட்டை மட்டும் இட்டால் என்ன? பனாமாவில் சோதித்துப் பார்த்தார்கள், 2010-ல் வெளிவந்தது. வெறுங்கைக் குளவி நுழைந்த காய்களை மரம் பழுக்குமுன்பே உதிர்த்துவிடுகிறது, உள்ளே இருக்கும் குஞ்சுகளோடு. எந்த இனத்து மரம் இப்படி உதிர்ப்பதில் கறாராக இருக்கிறதோ, அங்கே வெறுங்கைக் குளவி அரிது. மரம் இளகினால் அவை பெருகுகின்றன.

கணக்குப் பார்ப்பது மனிதன் மட்டும்தான் என்று எழுதியவர் எங்கே, ஆளைக் காணோம்.

ஜூன் 13, சற்றுப் பிறகு

வந்துவிட்டார். "மரத்துக்கு மூளையா இருக்கிறது கணக்குப் பார்க்க?" என்கிறார். நியாயமான அடி. மரம் யோசிப்பதில்லை. மகரந்தம் சேராத காய்க்குச் சத்து அனுப்பி வீணாக்காத மரங்கள் அதிகம் விதைத்தன, அவ்வளவுதான். 'கறார்', 'பேரம்', 'சம்பளம்' எல்லாம் என் வாயில் வரும் சொல். மரத்தின் மேல் வழக்குப் போடவேண்டாம்.

ஜூன் 16

முட்டாள்தனம் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும்.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி பழையதைவிட இரண்டு மடங்கு பெரிதாகத் தென்பட்டது. வெள்ளை வெளேரென்று, உடம்பெல்லாம் நூல் நூலாக மெழுகு தொங்க. 'தின்று கொழுத்துவிட்டது' என்று பழைய பல்துலக்கும் பிரஷால் ஏழெட்டைத் தேய்த்து நசுக்கினேன். ஒன்பதாவது ஓடியது. மாவுப்பூச்சி ஓடாது, நகர்வதே அபூர்வம். இது காம்பைச் சுற்றி ஓடி, ஒரு நிஜ மாவுப்பூச்சியின் மேல் ஏறி, அதன் முட்டைப் பஞ்சுக்குள் தலையை விட்டுத் தின்ன ஆரம்பித்தது.

அது பொறிவண்டின் இளம்புழு. கிரிப்டோலீமஸ் என்ற வகை. பெரிய வண்டு கறுப்பாக, தலைப்பக்கம் மட்டும் செம்பழுப்பாக இருக்கும், அதைப் பார்த்தால் யாரும் குழம்பமாட்டார்கள். இளம்புழுவோ இரையைப் போலவே வேஷம் கட்டிக்கொண்டிருக்கிறது. மெழுகுப் போர்வை இருப்பதால் காவல் எறும்புகளும் இதை அதிகம் கண்டுகொள்வதில்லை. மாவுப்பூச்சியை ஒழிக்கவென்றே 1891-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோய், அப்புறம் பல நாடுகளுக்கும் பரப்பிய வண்டு. நான் அதைப் பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

எறும்பைத் துரத்தியதே இதுபோன்றவை வரவேண்டும் என்றுதான். வந்தது. வந்ததை நானே கொன்றேன்.

ஜூன் 17

நசுக்கிய குற்ற உணர்ச்சியில் மாவுப்பூச்சியைப் பற்றிப் படித்ததில் கிடைத்தது. எலுமிச்சை வகைச் செடிகளைத் தாக்கும் ஒரு மாவுப்பூச்சியில் கண்டுபிடித்தது. என் செடியில் இருப்பது அதே இனம் என்று சத்தியம் செய்யமாட்டேன்.

செடிச்சாற்றில் அமினோ அமிலம் சொற்பம் என்றேனே, பற்றாக்குறையைப் பூச்சி எப்படிச் சமாளிக்கிறது? வயிற்றுப் பக்கம் தனி உறுப்பு ஒன்றில் பாக்டீரியா வளர்க்கிறது. அந்தப் பாக்டீரியாவுக்குள் இன்னொரு வகைப் பாக்டீரியா குடியிருக்கிறது. பொம்மைக்குள் பொம்மை. ஓர் அமினோ அமிலத்தைச் செய்ய ஒரு படியை இது, அடுத்த படியை அது, இன்னொரு படியைப் பூச்சியே என்று மூன்று பேர் கைமாற்றிச் செய்கிறார்கள். வெளிப் பாக்டீரியாவிடம் மிச்சமிருக்கும் புரத மரபணுக்கள் சுமார் 120. தனியே விட்டால் பிழைக்காது. அதைத் தனி உயிர் என்று எண்ணுவதா, பூச்சியின் உறுப்பு என்று எண்ணுவதா?

நம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் இந்த வழியில் வந்ததுதான். தனியாக வாழ்ந்த பாக்டீரியாவின் வம்சம், இன்று கையில் 37 மரபணுக்கள். இதை விளக்கி லின் மார்குலிஸ் என்ற அமெரிக்க உயிரியலாளர் எழுதிய கட்டுரையைப் பதினைந்து இதழ்கள் போலத் திருப்பி அனுப்பின, கடைசியில் 1967-ல் அச்சேறியது. உதவியா சுரண்டலா என்ற கேள்வியே அங்கே அர்த்தமில்லாமல் போகிறது. அது நீங்கள்தான்.

ஜூன் 18

கடல் பக்கம் யாரும் போகவில்லையே என்கிறார்கள். சுத்தக்கார மீனைச் சொல்கிறேன். பவளப்பாறையில் நீலக் கோடு போட்ட விரல்நீள மீன். பெரிய மீன்கள் வந்து வாயையும் செவுளையும் விரித்து நிற்கும், இது ஒட்டுண்ணியைப் பொறுக்கும். நாளொன்றுக்குச் சுமார் 1,200 ஒட்டுண்ணி தின்பதாக ஆஸ்திரேலியாவின் 'கிரேட் பேரியர் ரீஃப்' பவளத்திட்டில் கணக்கெடுத்திருக்கிறார்கள்.

ஆனால் அதற்கு நிஜமாகப் பிடித்தது ஒட்டுண்ணி இல்லை, மீனின் உடம்பு மேல் இருக்கும் வழவழப்பு. சமயம் பார்த்து ஒரு கடி. வந்த மீன் துள்ளி விலகும், துரத்தும், இல்லையென்றால் அடுத்த இடத்துக்குப் போய்விடும். மற்ற வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த மீன் கடிக்காமல் ஒழுங்காக வேலை பார்க்கிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து வேலை செய்யும்போது பெண் கடித்துவிட்டால், ஆண் அவளைத் துரத்தித் தண்டிக்கிறது, வாடிக்கை போய்விடுமே என்று. தான் கடித்தால் மட்டும் பரவாயில்லை போலும்.

ஜூன் 22

தொட்டியில் முடிந்துபோன அவரைச் செடிகள் இரண்டைப் பிடுங்கினேன். ஒன்று, கவனிக்காமல் விட்ட பழைய மண். இன்னொன்றுக்கு ஆசையாசையாக யூரியா கரைத்து ஊற்றியிருந்தேன்.

பழைய மண்ணில் இருந்த செடியின் வேரில் கடுகும் மிளகுமாக முடிச்சுகள். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு, ஈறு மாதிரி. நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் புரதத்துக்கு உறவுக்காரப் புரதம்தான் அது. உள்ளே இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. அந்த வேலைக்கு ஆக்சிஜன் எமன். ஆனால் பாக்டீரியா மூச்சுவிடவும் வேண்டும். அதனால் செடி அந்தச் சிவப்புப் புரதத்தில் ஏற்றி அளந்து அளந்து கொடுக்கிறது. அடியிலிருந்த இரண்டு மூன்று முடிச்சு பச்சையாக, பிசைந்தால் கூழாக இருந்தன. வேலை முடிந்தவை.

யூரியாச் செடியின் வேர் மொழுமொழுவென்று இருந்தது. தேடி எடுத்ததில் நாலு முடிச்சு. நைட்ரஜன் சும்மா கிடைக்கும்போது பாக்டீரியாவுக்குச் சர்க்கரை கொடுத்து வைத்துக்கொள்ள அதற்கு என்ன தலையெழுத்து? நான் உரம் போட்டேன் என்று நினைத்தேன். அதன் வீட்டு வேலையாளை நிறுத்தியிருக்கிறேன்.

ஜூன் 22, இரவு

மேலதிகமாக ஒன்று. பாக்டீரியா வேலை செய்யாமல் சர்க்கரை மட்டும் தின்றால்? டோபி கியர்ஸும் கூட்டாளிகளும் சோயாவில் அதைச் சோதித்தார்கள், 2003-ல். காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்துவிட்டு ஆர்கானை நிரப்பினார்கள். பாக்டீரியா விரும்பினாலும் பிடிக்க நைட்ரஜன் இல்லை, கட்டாய வேலைநிறுத்தம். செடி அந்த முடிச்சுகளுக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைத்தது, பாக்டீரியாவின் பெருக்கம் பாதியளவுக்கு விழுந்தது. அதே அத்தி மரத்துக் கதை.

ஜூன் 24

காட்டில் தாய் மரம் மண்ணுக்கடியில் பூஞ்சை இழை வழியாகக் கன்றுகளுக்குச் சோறூட்டுகிறது, இதற்கென்ன சொல்கிறீர்கள் என்று மூன்று பேர் அனுப்பியிருக்கிறார்கள். நானும் இரண்டு வருடம் முன்பு இதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

பூஞ்சையும் வேரும் சேர்ந்து வாழ்வதில் சந்தேகமே இல்லை. 40 கோடி ஆண்டுக்கு முந்தைய செடிப் புதைபடிவத்துக்குள்ளேயே அந்தப் பூஞ்சை இருக்கிறது. பூஞ்சை பாஸ்பரஸ் கொண்டுவரும், செடி சர்க்கரை கொடுக்கும். 1997-ல் சூசன் சிமார்ட் கார்பனுக்கு அடையாளம் போட்டு ஒரு மரக்கன்றிலிருந்து இன்னோர் இனத்துக் கன்றுக்குப் போனதைக் காட்டினார், அதுவும் உண்மை. ஆனால் 2023-ல் அந்தத் துறையிலேயே ஊறிய மூவர் ஆதாரங்களைத் திரும்ப எடுத்துப் பார்த்து, போன கார்பன் இழை வழியாகத்தான் போனதா, மண் வழியாகவா என்பதைக் காட்டில் பிரித்துக் காட்டுவது கடினம் என்றார்கள். தாய் மரம் தன் பிள்ளையை அடையாளம் கண்டு ஊட்டுகிறது என்பதற்குக் காட்டில் எடுத்த ஆதாரம் இல்லை. நடுவில் இருக்கும் பூஞ்சைக்கென்று ஒரு நோக்கம் இருக்காதா? அதை வெறும் குழாயாக நினைத்துத்தான் நாம் கதை எழுதியிருக்கிறோம்.

ஜூன் 29

மனிதனைச் சேர்த்து ஒன்று சொல்லச் சொல்கிறார், முதல் கேள்வியைக் கேட்டவரேதான்.

ஆப்பிரிக்காவில் தேன்காட்டி என்று ஒரு பறவை. வீட்டில் வளர்ப்பதில்லை, பழக்குவதில்லை, காட்டுப் பறவை. அதற்கு மெழுகு தின்னப் பிடிக்கும். கூட்டை உடைக்கவோ தேனீயை விரட்டவோ முடியாது. மனிதனுக்குப் புகையும் கோடரியும் இருக்கின்றன, கூடு எங்கே என்று தெரியாது. 1588-லேயே மொசாம்பிக்கின் சோபாலாவில் இருந்த ஒரு போர்த்துகீசியப் பாதிரியார், மாதா கோயிலுக்குள் ஒரு குருவி பறந்து வந்து மெழுகுவர்த்தியைத் தின்பதை எழுதிவைத்திருக்கிறார்.

இன்றும் அங்கே யாவோ இனத்தார் தேனெடுக்கப் போகும்போது 'ப்ர்ர்ர்-ம்' என்று குரல் கொடுப்பார்கள். கிளேர் ஸ்பாட்டிஸ்வுட் 2016-ல் காட்டியது: வேறு சத்தம் போட்டபடி நடந்தால் கூடு கிடைக்க நூற்றுக்கு 16 வாய்ப்பு, இந்தக் குரல் கொடுத்தால் 54. பறவை மரம் மரமாக முன்னால் போய் நின்று கூப்பிடும்.

படித்ததும் கண்ணில் நீர் வராத குறை. அப்புறம் அதன் இனப்பெருக்கத்தைப் படித்தேன். குயில் போல அடுத்தவர் கூட்டில் முட்டையிடும். அதன் குஞ்சு கண் திறக்காமல், இறகு முளைக்காமல் இருக்கும்போதே அலகு நுனியில் ஊசிக் கொக்கி இருக்கும். இருட்டுப் பொந்துக்குள், கூட்டைக் கட்டிய பஞ்சுருட்டான் பறவையின் குஞ்சு பொரித்து வந்ததும் கொக்கியால் கடித்துக் குதறிக் கொல்லும். எல்லாம் செத்தபிறகு கொக்கி தேய்ந்து உதிர்ந்துவிடும்.

நமக்கு நண்பன், பஞ்சுருட்டானுக்கு எமன். பறவையில் நல்லது கெட்டது தேடினால் எந்தக் கூட்டிலிருந்து பார்க்கிறோம் என்று முதலில் சொல்லவேண்டியிருக்கும்.

ஜூலை 4

எறும்பைப் பற்றி ஆரம்பித்தேன், எறும்பிலேயே ஒன்று விட்டுப்போனது.

கென்யாவில் ஒரு முள்மரம். முள்ளின் அடி உப்பி உருண்டையாக இருக்கும், அதற்குள் எறும்புக் குடும்பம். மரம் தேனும் தரும். யானை தும்பிக்கையை நீட்டினால் எறும்பு மூக்குத் துவாரத்துக்குள் ஏறிக் கடிக்கும். வேலி போட்டு யானை, ஒட்டகச்சிவிங்கி எதையும் பத்து ஆண்டு அண்டவிடாமல் பார்த்தார்கள் (2008-ல் வெளிவந்தது). மேய ஆள் இல்லாததால் மரம் தேனையும் வீட்டையும் குறைத்தது. காவல் எறும்பு மெலிந்தது. அந்த இடத்தை மரத்தைக் காக்காத வேறு எறும்பு பிடித்தது. மரம் துளைக்கும் வண்டுக்கு இது தோதானது. யானையிடமிருந்து காப்பாற்றப்பட்ட மரங்கள்தான் அதிகம் செத்தன.

அடுத்த அத்தியாயம் 2024-ல். வெளியிலிருந்து வந்து பரவிய பெருந்தலை எறும்பு அந்தக் காவல் எறும்பைக் கொன்று தீர்த்தது. யானை மரங்களை முறித்துத் தின்றது. வெட்டவெளியானது. பதுங்க மறைவில்லாமல் சிங்கத்துக்கு வரிக்குதிரை கிடைப்பது குறைந்தது. சிங்கங்கள் இப்போது காட்டெருமையைப் பிடித்துக் காலம் தள்ளுகின்றன. ஆள் கண்ணுக்குத் தெரியாத எறும்பு, சிங்கத்தின் இரையை மாற்றிவிட்டது.

ஜூலை 9

கடைசியாகச் செம்பருத்தி. வெள்ளை வேஷக்காரர்கள் இப்போது எண்ணி இருபதுக்கு மேல். மாவுப்பூச்சி இரண்டு காம்பில்தான் மிச்சம். அதையும் துடைக்கக் கை பரபரத்தது. துடைத்தால் இளம்புழுக்களுக்குச் சாப்பாடு இல்லாமல் போகும் என்று விட்டுவைத்திருக்கிறேன். மாவுப்பூச்சி வளர்ப்பவன் ஆகிவிட்டேன், எறும்பு பார்த்த வேலை.

எறும்பு என்றதும் நினைவு வருகிறது. நேற்று இரண்டு பிள்ளையார் எறும்பு மேல் கிளையில். டேப் அப்படியே இருக்கிறது, வாஸ்லினும் காயவில்லை. அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வளர்ந்த ஒரு கிளையின் கடைசி இலை சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அந்த வழியாக வருகிறார்கள்.

அந்த இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டேன்.